ஓய்வுநாள்: சனியா, ஞாயிறா, இரண்டுமா?

துரோவா பட்டணத்தில் ஒரு மேல்வீடு. அநேக விளக்குகள் எரிகின்றன. நள்ளிரவு நெருங்கியும் பவுல் பிரசங்கத்தை முடித்தபாடில்லை. ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூக்கத்தில் சாய்ந்து மூன்றாம் மாடியிலிருந்து விழுகிறான். அப்போஸ்தலருடைய நடபடிகள் 20-ஆம் அதிகாரத்தில் இதைப் படிக்கிறவர்கள் அவன் பிழைத்தானா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். (பிழைத்தான்.) ஓய்வுநாள் விவாதத்தில் ஊறியவர்களின் கண் விளக்குகளின் மேல் போகும். அது எந்தக் கிழமையின் இரவு?

"வாரத்தின் முதல்நாளிலே" என்கிறது வசனம். யூதக் கணக்கில் சூரியன் மறையும்போது நாள் தொடங்கிவிடும். அப்படிப் பார்த்தால் அது நாம் சொல்லும் சனிக்கிழமை இரவு. பொழுது விடிந்ததும் பவுல் ஆசோ பட்டணத்துக்கு நடந்தே போனார். சுமார் 30 கிலோமீட்டர். ஞாயிறு அப்போதே புனித ஓய்வுநாளாகியிருந்தால் அன்று இவ்வளவு தூரம் நடப்பாரா என்று சனிக்கிழமையை ஆசரிப்பவர்கள் கேட்கிறார்கள். ரோமக் கணக்கில் நாள் நள்ளிரவில் மாறும். அப்படியானால் அது ஞாயிறு இரவு, பயணம் திங்கட்கிழமை. ஞாயிறு ஆராதனைக்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டுமா என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. எந்தக் கணக்கைக் கொண்டாலும் இரண்டு விஷயங்கள் அசையாமல் நிற்கின்றன. முதல்நாளில் அப்பம் பிட்கக் கூடினார்கள். அன்று வேலையை விட்டு ஓய்ந்திருந்தார்கள் என்று ஒரு சொல்கூட இல்லை. கூடுவது வேறு, ஓய்வது வேறு. இந்த விவாதத்தில் பாதிக் குழப்பம் இரண்டையும் ஒன்றாகக் கட்டுவதால் வருகிறது.

இதை இரண்டு அணிகளின் சண்டையாகவே பலரும் பார்க்கிறார்கள். நான் எண்ணியவரை அணிகள் மூன்று. ஏழாம் நாளே ஓய்வுநாள், அது மாறவே இல்லை என்பது முதல் அணி. ஓய்வுநாள் சனியிலிருந்து ஞாயிற்றுக்கு மாற்றப்பட்டுவிட்டது என்பது இரண்டாவது. ஞாயிறு ஓய்வுநாளே அல்ல, அது கர்த்தருடைய நாள் என்ற வேறொரு நாள் என்பது மூன்றாவது. பின்னிரண்டும் ஒரே காலையில் ஒரே கோயிலில் அருகருகே உட்கார்ந்திருப்பதால் வெளியே வித்தியாசம் தெரிவதில்லை.

முதல் அணியின் பலம் வேத வசனம். ஆதியாகமம் 2-இல் தேவன் ஏழாம் நாளை ஆசீர்வதிக்கும்போது இஸ்ரவேல் என்ற ஜனமே கிடையாது. சீனாய் மலையில் கட்டளை வருவதற்கு முன்பே, யாத்திராகமம் 16-இல், வானத்திலிருந்து கிடைத்த மன்னா என்ற உணவு ஆறாம் நாள் இரட்டிப்பு, ஏழாம் நாள் ஒன்றுமில்லை. இயேசுவின் உடலுக்குச் சுகந்தவர்க்கம் ஆயத்தம் செய்த பெண்கள், கல்லறைக்கு ஓடாமல், கற்பனையின்படி ஓய்ந்திருந்தார்கள் என்று லூக்கா 23-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம் சொல்கிறது. அந்தியோகியாவில் புறஜாதியார் அடுத்த ஓய்வுநாளிலும் அதே பிரசங்கத்தைச் செய்யும்படி பவுலைக் கேட்கிறார்கள். நாளைக்கே வாருங்கள், அது நம் புதிய நாள் என்று அவர் சொல்லவில்லை. எனக்குப் பட்டவரை முதல் அணியின் மிகக் கூர்மையான வாதம் இதுதான்.

தமிழ் வேதாகமத்தை மட்டும் வைத்துப் படிப்பவர்கள் தவறவிடக்கூடிய ஓர் இடமும் உண்டு. எபிரெயர் 4:9-இல் "தேவனுடைய ஜனங்களுக்கு இளைப்பாறுகிற காலம் இனி வருகிறதாயிருக்கிறது" என்று நாம் படிக்கிறோம். அந்த அதிகாரத்தில் மற்ற இடங்களில் இளைப்பாறுதலுக்குக் கிரேக்கத்தில் ஒரு பொதுச்சொல் வருகிறது. இந்த ஒரு வசனத்தில் மட்டும் 'சப்பாத்திஸ்மோஸ்', ஓய்வுநாள் ஆசரிப்பு என்று பொருள்படும் சொல். தமிழில் அந்த வேறுபாடு கரைந்துபோகிறது. சனிக்கிழமையை ஆசரிக்கும் சபையினரான அட்வென்டிஸ்டுகள் இதைச் சுட்டிக்காட்டினால் அது வலிந்து இழுத்த வாதமல்ல. ஆனால் அதிகாரம் முழுவதும் பேசுவது வாரத்தில் ஒரு நாளைப் பற்றியா, வரப்போகும் இளைப்பாறுதலைப் பற்றியா என்று கேட்டால் நான் இரண்டாவதையே சொல்வேன்.

இந்த அணி தடுமாறும் இடம் கொலோசெயர் 2:16. பண்டிகைநாள், மாதப்பிறப்பு, ஓய்வுநாட்கள் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக என்கிறார் பவுல். இங்கே சொல்லப்படுவது வருடாந்தர ஓய்வுநாட்கள், வாராந்தர ஓய்வுநாள் அல்ல என்பது வழக்கமான பதில். எனக்கு அது ஒட்டவில்லை. வருடம், மாதம், வாரம் என்று இறங்கும் இதே வரிசை எசேக்கியேல் 45:17-லும் ஓசியா 2:11-லும் இருக்கிறது. மூன்றாவதை மட்டும் மறுபடியும் வருடத்துக்கு ஏற்றுவது சிரமம். எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள் புறஜாதி விசுவாசிகளுக்கு விதித்த நான்கு விலக்குகளிலும் (நடபடிகள் 15) ஓய்வுநாள் பற்றிய பேச்சு இல்லை.

இதே அணி வரலாற்றில் கால் வைக்கும்போது இன்னும் சறுக்குகிறது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன்தான் ஓய்வுநாளை மாற்றினார் என்று எத்தனை துண்டுப்பிரசுரங்கள்! அவர் 321 மார்ச்சில் போட்ட ஆணை வணக்கத்துக்குரிய சூரிய நாளில் நீதிமன்றங்களும் நகரத் தொழில்களும் ஓயவேண்டும் என்றது. பருவம் தவறிவிடும் என்பதால் விவசாயிகளுக்கு விலக்கும் கொடுத்தது. கிறிஸ்துவின் பெயரே அதில் இல்லை. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பே, 155-ஐ ஒட்டி, ரோமாபுரியிலிருந்து ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதுகிறார்: சூரியனின் நாள் என்று சொல்லப்படும் நாளில் எல்லோரும் ஓரிடத்தில் கூடுகிறோம், அப்போஸ்தலர்களின் நினைவுக் குறிப்புகளைப் படிக்கிறோம், ஜெபிக்கிறோம், அப்பமும் திராட்சரசமும் பங்கிடுகிறோம், அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் காணிக்கை சேர்க்கிறோம். காரணமும் சொல்கிறார். ஒளி உண்டான நாள், கிறிஸ்து உயிர்த்த நாள். ஓய்வு பற்றி அந்த வர்ணனையில் எதுவும் இல்லை.

நான்காம் நூற்றாண்டில் கூடிய லவோதிக்கேயா சங்கம் தன் 29-ஆம் விதியில் சனிக்கிழமை சும்மா இருந்து யூத வழக்கம் கொள்ளக்கூடாது, வேலை செய்யவேண்டும் என்றது. ஞாயிறன்று முடிந்தால் ஓயலாம் என்றது. 'முடிந்தால்' என்ற அந்தச் சொல்லைக் கவனிக்கவேண்டும். தடை போட்டார்கள் என்றால் சனிக்கிழமை ஓய்ந்த கிறிஸ்தவர்கள் அப்போதும் நிறையவே இருந்தார்கள் என்றும் ஆகிறது. சனிக்கிழமைக்காரர்கள் பெருமையோடு பிடித்துக்கொள்ள வேண்டியது கான்ஸ்டன்டைன் கதையை விட்டு இந்த விதியைத்தான்.

இரண்டாவது அணியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, ஏனென்றால் அதுதான் மூன்றிலும் பலவீனமானது. 1595-இல் இங்கிலாந்தில் நிக்கொலஸ் பௌண்ட் எழுதிய நூலுக்குப் பிறகு பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்டுகளிடம் இது வேரூன்றியது. ஞாயிறு மாலையில் விளையாடலாம் என்று அரசர் ஜேம்ஸ் 1618-இல் அறிவித்ததும், 1633-இல் சார்ல்ஸ் அதைப் புதுப்பித்ததும், 1643-இல் நாடாளுமன்றம் அந்த அரச அறிவிப்புப் புத்தகத்தைக் கொளுத்தச் சொன்னதும் இந்தச் சண்டையின் அத்தியாயங்கள். வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, உயிர்த்தெழுதல் முதல் ஓய்வுநாள் வாரத்தின் முதல்நாளுக்கு மாற்றப்பட்டது என்று தீர்மானமாக எழுதியது. மாற்றச் சொன்ன வசனம் எங்கே? அதுதான் இல்லை. 1893-இல் பால்டிமோரின் கத்தோலிக்க வார இதழ் ஒன்று இதே கேள்வியைப் புராட்டஸ்டன்டுகளிடம் கேட்டுக் கிண்டலடித்தது: வேதம் மட்டும் போதும் என்கிறீர்கள், ஞாயிற்றை மட்டும் எங்கள் திருச்சபையிடமிருந்து எடுத்துக்கொண்டீர்களே! அந்தக் கட்டுரைகளை அட்வென்டிஸ்டுகள் உடனே மறுபதிப்பு செய்து பரப்பினார்கள். போப்பாண்டவரைக் கடுமையாக விமர்சித்தவர்கள் கத்தோலிக்க இதழை வீடுவீடாகக் கொடுத்தது இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த காட்சி.

மூன்றாவது அணியில் லூத்தரன்களின் ஆக்ஸ்பர்க் அறிக்கை (1530) இருக்கிறது: ஓய்வுநாள் கட்டாயத்தை வேதமே நீக்கிவிட்டது, ஜனங்கள் எப்போது கூடுவது என்று தெரிய ஒரு நாள் வேண்டும், அதற்காக ஞாயிறு. சீர்திருத்தவாதி கால்வினும் ஏழு என்ற எண்ணைப் பிடித்துத் தொங்கவில்லை. கிரேக்க மொழி இன்றும் இதற்குச் சாட்சி. சனிக்கு அங்கே பெயர் 'சாவடோ', ஓய்வுநாள். ஞாயிற்றுக்கு 'கிரியாக்கி', கர்த்தருடையது. இரண்டு நாள், இரண்டு பெயர். ஒன்று மற்றொன்றாக மாறவில்லை. வாதமாக நான் ஏற்பது இதைத்தான்.

ஆனால் வாதத்தை விட்டுவிட்டு வாழ்க்கையைப் பார்த்தால் இந்த அணி வெளிறிப்போகிறது. கட்டளை இல்லை என்றதும் ஆராதனை முடிந்த மறுகணம் நாள் மற்ற நாட்களைப்போல் ஆகிவிடுகிறது. சனியை ஆசரிக்கும் வீட்டில் வெள்ளி மாலை சூரியன் சாய்வதற்குள் சமையல் முடிந்திருக்கும், கணக்குப் புத்தகம் மூடியிருக்கும். மறுநாள் பொழுது சாயும்வரை அது திறக்காது. ஓய்வு என்ற சொல்லுக்கு அங்கே உடல் இருக்கிறது. அதற்கு விலையும் கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை வேலைக்கு வர மறுத்து வேலையிழந்த தென் கரோலினா நெசவாலைத் தொழிலாளியான ஓர் அட்வென்டிஸ்ட் பெண்ணுக்கு உதவித்தொகை மறுக்கப்பட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-இல் ஷெர்பர்ட் வழக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஞாயிற்றை ஓய்வுநாளாகக் கொண்டவர்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. 1924 பாரீஸ் ஒலிம்பிக்கில் எரிக் லிடல், தகுதிச்சுற்று ஞாயிறன்று வந்ததால் 100 மீட்டரை விட்டுக்கொடுத்தார். 400 மீட்டர் ஓடி 47.6 வினாடியில் தங்கம் வென்றார். நான் பலவீனமென்று சொன்ன இரண்டாவது அணியின் ஆள்தான் அவர்.

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை இரண்டையும் வைத்துக்கொண்டது. சனியை விடக்கூடாது என்று 14-ஆம் நூற்றாண்டில் எவோஸ்தாத்தேவோஸ் என்ற துறவியும் அவர் சீடர்களும் போராடினார்கள். 1450-இல் சர யாக்கோப் அரசர் கூட்டிய சங்கம் இரு நாட்களையும் ஏற்றது.

நாட்காட்டி மாறியதில் கிழமை தொலைந்துபோயிருக்காதா என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை. 1582-இல் அக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்த நாள் அக்டோபர் 15 வெள்ளி, தேதிதான் குதித்தது. கிழமையைக் குழப்பியது பசிபிக் கடலில் நாள் மாறும் எல்லையான தேதிக்கோடு. டோங்கா தீவுகளின் அரசியல் சட்டம் ஞாயிற்றை ஓய்வுநாள் என்று பெயரிட்டுப் புனிதமாக்கியிருக்கிறது. அங்குள்ள அட்வென்டிஸ்டுகளும் ஞாயிறன்றே ஆராதிக்கிறார்கள். வளைந்து போகும் தேதிக்கோட்டை விட்டு, 180 பாகைத் தீர்க்கரேகையின்படி கணக்கிட்டால் டோங்காவின் ஞாயிறு உண்மையில் சனி என்பது அவர்கள் நிலை. பக்கத்துச் சமோவாவில் அட்வென்டிஸ்டுகள் சனிக்கிழமையே கூடிவந்தார்கள். 2011-இல் அரசு தேதிக்கோட்டின் மறுபக்கம் தாவ முடிவுசெய்தது. டிசம்பர் 29 வியாழன் இரவு படுத்தவர்கள் டிசம்பர் 31 சனியன்று எழுந்தார்கள். அந்த வாரம் அங்கே வெள்ளிக்கிழமை வரவே இல்லை. ஏழு நாள் எண்ணிக்கை அறுந்துவிடக்கூடாது என்று திருச்சபை அதன்பிறகு ஞாயிறு என்று பெயர்பெற்ற நாளில் கூடியது. சிலர் அதை ஏற்காமல் பிரிந்துபோய், சனிக்கிழமை என்று பெயருள்ள நாளிலேயே கூடினார்கள்.