ஈட்டி என்று கொடுத்த சாயம் பூசிய பச்சை மரம்: செஸ் காய் வெட்டுகிறவர்கள் கவனத்துக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஸ்க்ரோல் சாவில் (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும் மர அறுப்பு மெஷின்) செஸ் காய் வெட்டுகிறவர்கள், மரம் வாங்கப் போகும்முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். இங்கே ஒரு மரக்கடையில் "நல்லாக் காஞ்ச ஈட்டிங்க, ரெண்டு வருஷமா நிழல்ல கெடக்குது" என்று ஈட்டி மரத்தின் (ரோஸ்வுட்) பெயரைச் சொல்லி எங்களுக்குக் கொடுத்தது சாயம் ஏற்றிய மாங்கட்டை. அதுவும் பச்சை, காயாத மரம். 3,400 ரூபாய் போனது. அதைவிடப் பெரிய நஷ்டம், ஐந்து நாள் வெட்டிய காய்கள் அத்தனையும் வீணானது. திருப்பிக் கேட்கப் போனால், "வெட்டுன மரத்தை எப்படிங்க எடுத்துக்கறது?" என்கிறார்கள். இந்த ஏமாற்று நிற்பதே அந்த ஒரு பதிலின் மேல்தான். வெட்டினால்தான் குட்டு வெளிப்படும். வெட்டிவிட்டால் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

வெட்டும் முறை தெரிந்தால் இது ஏன் என்று புரியும். சதுரக் கட்டையின் அடுத்தடுத்த இரண்டு முகங்களில் காயின் வடிவம் அச்சிட்ட பேட்டர்ன் தாளை ஒட்டுகிறோம். ஒரு முகத்தை வெட்டி, கழிவுத் துண்டுகளை எடுக்காமல் அப்படியே வைத்து செல்லோ டேப் சுற்றி, கட்டையை 90 டிகிரி திருப்பி அடுத்த முகத்தை வெட்டுகிறோம். டேப்பைப் பிரித்தால் நாலு பக்கமும் துண்டுகள் உதிர்ந்து, நடுவிலிருந்து காய் வெளியே வரும். கட்டையின் மேல்தோல் கிட்டத்தட்ட முழுதும் கழிவோடு போய்விடும். சாயம் இறங்கியிருந்ததோ ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான். முதல் குதிரையைப் பிரித்தபோது கறுப்பு ஓடுகள் மேசையில் சிதறின, கையில் நின்றது வெளிர் பழுப்புக் குதிரை. அடிப்பீடத்தின் விளிம்பிலும் மூக்கு நுனியிலும் மட்டும் கறுப்பு ஒட்டியிருந்தது.

நிறத்தையாவது மறுபடி சாயம் போட்டு மறைக்கலாம். ஈரத்தை ஒன்றும் செய்ய முடியாது. கட்டையின் நடுவிலிருந்து ஒரு சில்லு அறுத்து நிறுத்தோம்: 25.9 கிராம். 103 டிகிரி ஓவனில், எடை இனி இறங்காது என்கிறவரை வைத்து எடுத்தபோது 19.8 கிராம். போன 6.1 கிராமை 19.8-ஆல் வகுத்தால் ஈரம் சுமார் 31 சதவீதம். காய் வெட்டும் மரத்தில் 12-க்கு மேல் இருக்கவே கூடாது.

ஈரமான மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்காது. ஆண்டு வளையம் ஓடும் திசையில் சுருங்குவது, வளையத்துக்குக் குறுக்கே சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வளையங்கள் மூலைக்கு மூலை ஓடும் கட்டையாக இருந்தால் சதுரம் வைர வடிவமாகக் கோணிவிடும். 40 மி.மீ. சதுரத்தின் மூலைவிட்டம் 56.6 இருக்க வேண்டும். வெட்டாமல் வைத்திருந்த கட்டைகளை மூன்று வாரம் கழித்து வெர்னியரில் பார்த்தால் ஒரு மூலைவிட்டம் 55.6, மற்ற மூலைவிட்டம் 54.6. முறுக்கும் சேர்ந்துகொண்டதால் மேசையில் வைத்த கட்டை ஆடியது. ஒரு மில்லிமீட்டர்தானே என்று விட முடியாது. பிஷப்பின் கழுத்தே 7 மி.மீ. தான். இரண்டு முகமும் சரியாக 90 டிகிரியில் இல்லாவிட்டால் குதிரையின் காது ஒரு பக்கம் சாயும், சிப்பாயின் கழுத்து கோணும்.

வெட்டி முடித்த காய்களும் தப்பவில்லை. எடைக்காக அடியில் 16 மி.மீ. துளை போட்டு இரும்புத் துண்டு வைத்திருந்தோம். மரம் சுருங்கியது, இரும்பு சுருங்கவில்லை, இரண்டு ராஜாவும் பீடத்தில் வெடித்தன.

"பிளேடு சரியில்லைங்க" என்றும் ஒரு பதில் வந்தது. இதைக் கேட்டு ஏமாறாதீர்கள். ஈரத்தூள் வெட்டுத்தடத்தில் அப்பிக்கொண்டு வெளியே வராது. பிளேடு சூடேறி, கருகி, வளைந்து ஓடும், வெட்டு நடுவில் தொப்பை போடும். சந்தேகம் இருந்தால் அதே பிளேடைக் காய்ந்த மரத்தில் ஓட்டிப் பாருங்கள். அதே 7-ஆம் நம்பர் ஸ்கிப் டூத் (இடைவெளி விட்ட பல்) பிளேடு, வேறு கடையில் வாங்கிய ஸ்டீம் பீச்சில் (ஆவியில் பதப்படுத்திய பீச் மரம்) 40 மி.மீ. கனத்தை நேராக வெட்டியது. மேசை பிளேடுக்கு 90 டிகிரியில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் மூலைமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் தப்பு இருந்தால் பழியை மரத்தின் மேல் போட முடியாது.

கடையிலேயே என்ன செய்யலாம்? முதலில், நுனியிலிருந்து இரண்டு அங்குலம் அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். சாயம் போட்ட கட்டையில் ஓரத்தைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் தெரியும், உள்ளே வேறு நிறம். அசல் ஈட்டியை அறுத்தால் கரும் ஊதாக் கோடுகள் உள்ளேயும் ஓடும், இனிப்பான வாசனை வரும். அறுக்க மறுத்தால் வாங்க வேண்டாம். தின்னரில் நனைத்த வெள்ளைப் பஞ்சால் தேய்த்துப் பார்ப்பதும் நல்லதுதான், ஆனால் மேலே பாலிஷ் அடித்திருந்தால் அது மட்டும் போதாது. ஈரமானியின் ஊசியைப் புதிதாக அறுத்த முகத்தில் குத்துங்கள். வெளித்தோல் வெயிலில் காய்ந்து 12 காட்டும், உள்ளே 30 இருக்கும்.

கையில் தூக்கி "கனமா இருக்கே, ஈட்டிதான்" என்று முடிவுகட்டாதீர்கள். 40×40×300 மி.மீ. கட்டை காய்ந்த ஈட்டி என்றால் சுமார் 400 கிராம், காய்ந்த மா என்றால் சுமார் 300. அதே மா ஈரத்தோடு இருந்தால் 350-ஐ நெருங்கும், கைக்கு வித்தியாசம் தெரியாது. தராசில் வையுங்கள். கருங்காலி என்று விற்பதற்கும் இதே சோதனைகள்தான். கருங்காலி மாலை மோகம் வந்தபிறகு கறுப்பாக இருப்பதெல்லாம் கருங்காலி என்றாகிவிட்டது.

அளவிலும் கவனம் வேண்டும். ராஜா 95, ராணி 85, பிஷப் 70, குதிரை 60, யானை 55, சிப்பாய் 50 மி.மீ. உயரம் என்று வைத்து, பிடிமானத்துக்குக் காய்க்கு 15 மி.மீ. கூட்டினால், ஒரு நிறத்துக்கு 40 மி.மீ. கட்டை 670 மி.மீ., சிப்பாய்க்கு 30 மி.மீ. கட்டை 520 மி.மீ. வரும். குதிரை உடையும் என்று கணக்குப் போட்டு நாலடியும் மூன்றடியும் வாங்குங்கள், அதற்கு மேல் தேவையில்லை. எங்களிடம் 40 மி.மீ. கட்டையை இரண்டு அங்குலம் என்று கணக்கிட்டுக் கன அடிக்குக் காசு வாங்கினார்கள். நாலடிக் கட்டை 0.069 கன அடி, பில்லில் 0.111. இழைப்புக்கு முந்தைய அளவுக்கு விலை போடுவது மரக்கடை வழக்கம்தான், ஆனால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

பில்லில் மரத்தின் பெயர், அளவு, "ஈரம் 12%-க்குள்" ஆகிய மூன்றையும் எழுதி வாங்குங்கள். எங்கள் பில்லில் வெறும் "மரம்" என்று இருந்தது, அதனால்தான் வாதாட முடியவில்லை. பில் சரியாக இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

கறுப்புக் காய்க்கு ஈட்டிதான் வேண்டும் என்பதும் இல்லை. நம் பக்கத்துப் பட்டா நிலத்துப் புளியின் வைரமும் (நடுவில் இருக்கும் கெட்டி மரம்) வாகையின் வைரமும் கரும்பழுப்பாக நன்றாக நிற்கும். புளி மட்டும் பிளேடைச் சீக்கிரம் மழுக்கும். வெள்ளைக்கு ஸ்டீம் பீச் அல்லது வெப்பாலை. சென்னபட்டணத்துப் பொம்மைகள் செய்வது இந்த வெப்பாலையில்தான்.

ஏற்கெனவே பச்சைக் கட்டை வாங்கிவிட்டவர்கள் அதை வெட்ட வேண்டாம். இரண்டு நுனியிலும் மெழுகு உருக்கிப் பூசி, இடையிடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து, வெயில் படாமல் காற்று போகும் இடத்தில் அடுக்குங்கள். ஒரு கட்டையில் தேதியும் எடையும் எழுதி வாரம் ஒருமுறை நிறுங்கள். நாலு வாரம் தொடர்ந்து எடை மாறாமல் நின்றபிறகு சா மில்லில் கொடுத்து மறுபடி சதுரம் பிடியுங்கள். 40 மி.மீ. கட்டை அப்போது 37 ஆகிவிடும், பேட்டர்னை அந்த அளவுக்குச் சுருக்கி அச்செடுங்கள்.