பத்து மணங்களும் ஒரு பாலியெஸ்டர் புடவையும்: ஜான் வாட்டர்ஸ் படத்தின் ப்ளூ-ரே வட்டு

ஜான் வாட்டர்ஸ் இயக்கி 1981இல் வெளிவந்த ‘பாலியெஸ்டர்’ என்ற நகைச்சுவைப் படத்தை, அமெரிக்காவின் க்ரைட்டீரியன் நிறுவனம் 2019இல் ப்ளூ-ரே வட்டாக வெளியிட்டது. நியூ ஜெர்சியிலிருந்து தீபாவளிக்கு வந்த அத்தை மகன் எனக்காக அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். உறையைப் பிரித்தபோது வட்டோடு கூட ஓர் அட்டையும் கைக்கு வந்தது. அதில் 1 முதல் 10 வரை எண்கள் இருக்கின்றன. படம் ஓடும்போது திரையில் ஓர் எண் மின்னும். அட்டையில் அதே எண்ணை நகத்தால் சுரண்டி முகர்ந்தால், கதாநாயகியின் மூக்கில் ஏறுவது நம் மூக்கிலும் ஏறும். இதற்கு ‘ஓடோரமா’ என்று வாட்டர்ஸ் பெயர் வைத்தார். முதல் எண் ரோஜா. இரண்டாவது, கணவன் போர்வைக்குள் விடும் காற்று. படத்தின் குணம் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

திரைப்படத்துக்கு மணம் சேர்க்கும் முயற்சி இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 1960இல் ஒரு படத்துக்காகத் திரையரங்கின் இருக்கைதோறும் குழாய் போட்டு மணத்தை ஊதினார்கள். பெருஞ்செலவில் செய்த அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. வாட்டர்ஸ் அதையே ஒரு காகித அட்டைக்குள் அடக்கினார். மண எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குமிழ்களில் அடைத்து அட்டையில் பூசியிருப்பார்கள். சுரண்டும்போது குமிழ் உடைந்து மணம் வெளிப்படும். குழந்தைகளின் ஒட்டுப்படப் புத்தகங்களில் வரும் அதே வித்தைதான். இவ்வளவு மலிவான உத்தியை ஒளிக்காமல், படத்தின் தொடக்கத்திலேயே வெள்ளை அங்கி அணிந்த விஞ்ஞானி ஒருவரை வரவழைத்துப் பெருமையோடு விளக்கமளிக்க வைத்திருப்பது, தெருவோரம் வித்தை காட்டுகிறவர் முதலில் தன் பெட்டியைத் திறந்து காட்டுவதைப் போன்ற ஒரு நேர்மை.

கதை நமக்கு அந்நியமானதன்று. பால்டிமோர் நகரின் புறநகரில் வசதியான வீடொன்றில் வாழும் பிரான்சின் என்ற இல்லத்தரசிக்கு வராத துன்பம் இல்லை. கணவன் ஆபாசப் படங்கள் ஓட்டும் திரையரங்கை நடத்துகிறான். அதை எதிர்த்து அக்கம்பக்கத்தார் இவள் வீட்டு வாசலில் கோஷம் போடுகிறார்கள். அவனுக்குத் தன் செயலாளரோடு தொடர்பு. மகள் சொல் பேச்சுக் கேளாமல் கர்ப்பமாகிறாள். மகன் பசையை முகர்ந்து போதையேற்றிக்கொண்டு, வழியில் போகும் பெண்களின் கால்களை மிதித்துவிட்டு ஓடுகிறவன். பெற்ற தாயோ இவளிடம் காசைக் கறந்துகொண்டே இவளைக் கரித்துக்கொட்டுகிறாள். ஆறுதலுக்கு இருப்பவள் ஒருத்திதான்: முன்பு வீட்டுவேலை செய்து, இப்போது சொத்து கைக்கு வந்து பணக்காரியாகிவிட்ட கடில்ஸ். பிரான்சின் குடிக்குள் விழுகிறாள். அந்த நேரம் பார்த்து ஓர் அழகன் வருகிறான். அதற்குமேல் நான் சொல்லப்போவதில்லை.

1950களில் டக்ளஸ் சர்க் ஹாலிவுட்டில் எடுத்த குடும்பச் சோகப் படங்களின் வண்ணம், இசை, ஒளியமைப்பு எல்லாவற்றையும் வாட்டர்ஸ் இதில் எடுத்தாண்டிருக்கிறார். சர்க்கின் படங்களைப் பார்த்திராத சென்னைக்காரருக்கும் இதில் ஒரு குறையும் இல்லை, கே.எஸ். கோபாலகிருஷ்ணனின் ‘கற்பகம்’ (1963), ‘பணமா பாசமா’ (1968) போன்ற படங்களையும், முப்பது ஆண்டுகளாக இரவு எட்டு மணிக்கு நம் கூடத்தில் அழுதுகொண்டிருக்கும் தொடர்களையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் படத்தின் இலக்கணம் தாய்மொழியைப் போல விளங்கிவிடும். கதவைத் திறந்ததும் இடிபோல் இசை முழங்குவதும், ஒருத்தி மேலேயே எல்லாத் துன்பமும் வந்து குவிவதும், நல்லவனாக நுழைகிறவன்மேல் முதல் காட்சியிலேயே நமக்குச் சந்தேகம் வருவதும் நாம் நன்கு அறிந்தவையே.

பிரான்சினாக நடித்திருப்பவர் டிவைன் என்ற பெயரில் புகழ்பெற்ற ஆண் நடிகர். வாட்டர்ஸின் 1972ஆம் ஆண்டுப் படமான ‘பிங்க் ஃப்ளமிங்கோஸ்’ முடியும்போது நாய் மலத்தை உண்மையாகவே வாயில் போட்டுக்கொண்டவர் என்பதால், உலகம் அவரை அருவருப்பின் அரசியாகவே நினைவில் வைத்திருந்தது. அந்த மனிதர் இங்கே வாசனைகளுக்கு நடுங்கும், கூச்ச சுபாவமுள்ள, நல்லவளான ஒரு தாயாக வருகிறார். நம் படங்களில் ஆண் புடவை கட்டினால், புடவை கட்டியிருக்கிறான் என்பதே அந்தக் காட்சியின் நகைச்சுவையாகிவிடும். பக்கத்தில் நிற்பவர்கள் கண்ணடிப்பார்கள், முந்தானை நழுவும், குரல் மாறிக் குட்டு வெளிப்படும். ‘பாலியெஸ்டர்’ படத்தில் அப்படி ஒரு இடமும் இல்லை. படத்துக்குள் இருக்கும் எவருக்கும் பிரான்சின் ஒரு பெண். டிவைனுக்கும் அவள் ஒரு பெண். ஆண்களே பெண் வேடம் கட்டிய பாய்ஸ் கம்பெனி நாடகங்களையும், இன்றும் விடியவிடியத் திரௌபதியாக ஆண் நிற்கும் தெருக்கூத்தையும் உடைய நமக்கு இந்த நடிப்பின் மதிப்பு எளிதில் புரிய வேண்டும். துகிலுரிதல் கூத்தில் திரௌபதி கதறும் அதே களரியில் கட்டியக்காரன் கொச்சையாகப் பேசிச் சிரிக்க வைக்கிறான். அதனால் அவளுடைய அழுகை சிறுத்துப் போவதில்லை.

இத்தகைய படங்களை ஆங்கிலத்தில் ‘கேம்ப்’ என்று அழைக்கிறார்கள். வேண்டுமென்றே மிகையாக, வேண்டுமென்றே மலிவாக, நல்ல ரசனை என்று சொல்லப்படுவதைத் தெரிந்தே மீறி எடுப்பது என்று அதை விரித்துச் சொல்லலாம். எனக்கோ, உள்ளத்து உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல்தான் நினைவுக்கு வந்தது. எட்டு மெய்ப்பாடுகளில் முதல் மூன்று நகை, அழுகை, இளிவரல். இளிவரல் என்றதும் அழுக்கும் மலமும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தொல்காப்பியர் அதற்குச் சொல்லும் நிலைக்களன்களோ மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. துன்பப்படுகிறவரும் வலுவற்றவரும் உலகத்தின் கண்ணில் இழிவுபட்டு நிற்பதே அவர் சொல்லும் இளிவரல். பிரான்சினின் நிலை அதுவேதான். கணவன் அவள் உடம்பை ஏளனம் செய்கிறான், தாய் அவள் நடையை ஏளனம் செய்கிறாள், தெருவே அவள் வாசலில் நின்று ஏளனம் செய்கிறது. படம் தன் அருவருப்பையெல்லாம் அவள்மேல் கொட்டவில்லை. அவளை இழிவாகப் பார்ப்பவர்களின் உலகம் எப்படி நாறுகிறது என்பதை அவள் மூக்கின் வழியே நமக்குக் காட்டுகிறது. இந்த மூன்று மெய்ப்பாடுகளும் ஒரே காட்சியில் ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்பதை இதற்கு முன் நான் திரையில் பார்த்ததில்லை.

முதல் முறை தனியாகப் பார்த்தேன். இரண்டாம் முறை, ஞாயிற்றுக்கிழமை மாலையில், மேற்கு மாம்பலத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மா, மனைவி, அத்தை மகன், நான் என்று நால்வர் உட்கார்ந்தோம். அட்டை ஒன்றுதான், ஆகவே எண் மின்னும்போதெல்லாம் ஒருவர் சுரண்டி மற்ற மூவரிடமும் கைமாற்ற வேண்டியிருந்தது. நான்காம் எண்ணில் பீட்சா வந்தது. ஓரகானோவின் மணத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். ஆறாம் எண்ணான ஸ்கங்க் நம் ஊரில் இல்லாத விலங்கு என்பதால் அது எதன் நாற்றம் என்று எங்களுக்குப் பிடிபடவில்லை; மந்தைவெளி ஓட்டு வீட்டில் பிறந்து வளர்ந்த அம்மா மட்டும், பரணில் மரநாய் குடியிருந்த காலத்து வாடை என்றார். ஏழாம் எண்ணை மனைவி சுரண்டி நீட்டினாள். அம்மா முகர்ந்த மாத்திரத்தில் எழுந்துவிட்டார்.

“டேய், கேஸ் லீக் ஆகுற மாதிரி இருக்கே. இரு, பாத்துட்டு வரேன்.”

சமையலறைக்குப் போய் ரெகுலேட்டரை மூடிவிட்டு, சன்னலையும் திறந்துவைத்துவிட்டுத்தான் திரும்பி வந்தார். திரையிலும் அது எரிவாயுவின் மணந்தான். எரிவாயுவுக்கென்று சொந்த மணம் இல்லை. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த அழுகல் நாற்றத்தைக் கலக்கிறார்கள். அந்த எச்சரிக்கை 1981இல் பால்டிமோரில் ஒருவர் செய்த விளையாட்டிலிருந்து கிளம்பி எங்கள் வீட்டு அடுப்பு வரை போய்ச் சேர்ந்ததை எண்ணி நான் நெடுநேரம் வியந்தேன். எத்தனை கோடி செலவழித்த படமும் பார்வையாளரை இப்படி எழுந்து நடக்க வைத்ததில்லை.

அதைவிட என் மனத்தில் நின்றது வேறொன்று. பிரான்சின் குடித்துவிட்டுக் கிடக்கும் காட்சியில் நாங்கள் மூவரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அம்மா சிரிக்கவில்லை. “பாவம்டா அவ. இத்தன பேரு சேந்து ஒருத்தியையா?” என்றார். ஐந்து நிமிடம் கழித்து, கடில்ஸ் வந்து பேசத் தொடங்கியதும், எங்களைவிட உரக்கச் சிரித்தார். டிவைன் ஓர் ஆண் என்பதைப் படம் முடிந்த பிறகே அம்மாவிடம் சொன்னேன். “அதனால என்ன, நல்லா நடிச்சிருக்கா” என்று அவர் விகுதியை மாற்றாமலேயே பதில் சொன்னார்.

படத்தின் பெயரும் சென்னையில் தனிப் பொருள் கொள்கிறது. தியாகராய நகரில் பட்டுக்கு ஒரு மரியாதை, ரங்கநாதன் தெருவில் குவியலாகக் கிடக்கும் பாலியெஸ்டருக்கு வேறொரு மரியாதை. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த இருபத்தெட்டு ஆண்டுகளும் அம்மா பாலியெஸ்டர் புடவைதான் கட்டினார். இஸ்திரி வேண்டாம், சாயம் போகாது, மழையில் நனைந்தால் பேருந்திலேயே காய்ந்துவிடும். அந்தப் புடவைகளின் பெரிய பூக்களையும் பளபளக்கும் ஊதாவையும் ரசனையற்றவை என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். அந்த ஊதாவை அன்போடு பார்க்கத் தெரிந்த படம் இது. பிரான்சினின் திரைச்சீலையும் சோபாவும் தலைமுடி அலங்காரமும் மிகையானவைதாம். ஆனால் கேமரா அவற்றை வெறுக்கவில்லை.

வேண்டுமென்றே ரசனை கெட்டு எடுப்பதற்கும் வெறுமனே கீழ்த்தரமாக எடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் நான் இங்கேதான் காண்கிறேன். கடந்த பத்தாண்டுகளில் ‘வயது வந்தோருக்கான நகைச்சுவை’ என்ற பெயரில் தமிழில் வந்த சில படங்களைத் திரையரங்கில் போய்ப் பார்த்து மனம் கசந்து திரும்பியிருக்கிறேன். அவற்றில் இருக்கும் இரட்டைப் பொருள் வசனங்களைவிட மோசமான வசனங்கள் ‘பாலியெஸ்டர்’ படத்தில் உண்டு. ஆயினும் அந்தத் தமிழ்ப் படங்களில் பருத்த பெண்ணும் திருநங்கையும் வயதானவரும் கருத்த நிறத்தவரும் சிரிப்புக்கு விறகாக மட்டுமே வருகிறார்கள். இங்கே பருத்த பெண்தான் கதாநாயகி, அவளுக்கே காதல், அவளுக்கே இறுதி வெற்றி. கவுண்டமணியும் செந்திலும் அடித்துக்கொண்ட காலத்தில்கூட, அடி வாங்குகிறவர்தான் கடைசியில் அடித்தவரை மடக்குவார் என்ற நம்பிக்கை நமக்கு இருந்தது.

இனி வட்டைப் பற்றி. வாட்டர்ஸின் மேற்பார்வையில் 4கே தரத்தில் புதுப்பிக்கப்பட்ட படிவம் இது. இளஞ்சிவப்பும் மஞ்சளும் அத்தனை தெளிவாக இருப்பதால் நகைச்சுவை கூடுகிறது; மங்கிய படிவத்தில் இது வெறும் பழைய படமாகவே தெரிந்திருக்கும். ஆங்கில வசன வரிகள் இருப்பதால் பால்டிமோர் உச்சரிப்பு இடைஞ்சலாக இல்லை. வாட்டர்ஸ் பேசும் விளக்க ஒலித்தடத்தைத் தவறவிடக்கூடாது. தன் படத்தின் கூளத்தைக்கூட இத்தனை பாசத்தோடு விவரிக்கும் இயக்குநரை நான் கேட்டதில்லை. வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: இந்த வட்டு ‘ஏ’ மண்டலத்துக்கு உரியது, இந்தியா ‘சி’ மண்டலத்தில் இருக்கிறது. இங்கே விற்கும் சாதாரண ப்ளூ-ரே கருவியில் இது ஓடாது. எல்லா மண்டலங்களையும் ஏற்கும் பழைய கருவி ஒன்று எனக்கு ரிச்சி தெருவில் கிடைத்தது. அமெரிக்கப் பட்டியல் விலை 39.95 டாலர், தபாலில் வரவழைத்தால் சுங்கமும் சேரும் என்பதால், அங்கிருந்து வரும் உறவினரிடம் சொல்லிவைப்பதே நல்லது.

யாருடன் பார்ப்பது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு உரிய படம் அன்று. பெரியவர்களோடு பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டிய இடங்கள் நான்கைந்து வரும். வாட்டர்ஸின் படங்களுக்குள் முதன்முறையாக நுழைபவர்கள் 1972ஆம் ஆண்டுப் படத்திலிருந்து தொடங்க வேண்டாம். இதிலிருந்து தொடங்கி, 1988இல் வந்த ‘ஹேர்ஸ்ப்ரே’ படத்துக்குச் செல்லலாம். அதிலும் டிவைன் தாயாகவே நடித்தார். அது வெளிவந்த சில வாரங்களில் காலமானார்.

அட்டையைப் பற்றி ஓர் அனுபவக் குறிப்பு: எண்ணின் இடம் முழுவதையும் ஒரே முறையில் சுரண்டிவிடாமல், ஓரத்தில் கால் பங்கை மட்டும் நகத்தால் லேசாகக் கீறினால் போதும், மணம் வந்துவிடும். சென்னையின் ஈரக்காற்றில் வெளியே வைக்காமல், இறுக மூடும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். பொங்கலுக்குப் பெரியம்மா திருச்சியிலிருந்து வருகிறார். அவருக்கு எதுவும் முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்று அம்மா எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஏழாம் எண்ணில் பாதிக்குமேல் மிச்சம் இருக்கிறது.