தண்ணீர் புகுந்த பழைய ஒமேகா: கம்பெனி சர்வீஸா, தனி ரிப்பேர்காரரா, அப்படியே விற்பதா?

1960களில் வந்த ஒமேகா சீமாஸ்டர் வாட்ச் ஒன்று செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று வையுங்கள். ஏன் மலிவு என்பது கண்ணாடி வழியாகவே தெரியும். டயலின் ஓரத்தில் பழுப்புக் கறை, சாவி திருகினால் இறுக்கம், செகண்ட் முள் அசையவில்லை. எப்போதோ தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. இதற்கு மூன்று வழிகள் உண்டு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுக்கலாம், கைதேர்ந்த தனி ரிப்பேர்காரரிடம் கொடுக்கலாம், கை வைக்காமல் அப்படியே விற்றுவிடலாம். பலரும் மெஷினின் நிலையைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். டயலைப் பார்த்து முடிவெடுங்கள் என்பேன் நான்.

மெஷினைப் பற்றி அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. அந்தக் காலத்து சீமாஸ்டர்களில் இருக்கும் 552, 565 போன்ற ஆட்டோமேட்டிக் மெஷின்களை ஒமேகா லட்சக்கணக்கில் செய்தது. செம்பு நிறப் பூச்சு கொண்ட அவற்றின் பித்தளைத் தகடுகள் துருப்பிடிப்பதில்லை, கறைதான் படியும். துரு ஏறுவது எஃகுப் பாகங்களில். சாவித்தண்டு வழியாகத்தான் தண்ணீர் பெரும்பாலும் நுழையும் என்பதால் முதல் அடி அந்தத் தண்டுக்கும், அதை ஒட்டிய சின்ன ஸ்பிரிங்குகளுக்கும், திருகாணிகளுக்கும் விழும். இவை எல்லாமே மாற்றக்கூடியவை. ஓடாமல் கிடக்கும் இன்னொரு 565 மெஷினை வாங்கி, அதிலிருந்து பாகம் எடுத்துப் போடுவது இந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பது.

டயல் அப்படியில்லை. மேல்பூச்சு கொப்பளித்து எழுத்து உரிந்துவிட்டால் அதைப் பழையபடி ஆக்க யாராலும் முடியாது. புதிதாகப் பெயின்ட் அடித்து எழுத்து அச்சிடுவதுதான் மிச்சம். அப்படி ரீ-டயல் செய்தவை நம் நாட்டுச் சந்தையில் ஏராளமாகப் புழங்குகின்றன. எழுத்து தடித்திருக்கும், நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு ஒட்டாமல் விலகி நிற்கும், கீழே 'ஸ்விஸ் மேட்' இருக்காது அல்லது இடம் மாறியிருக்கும். விவரம் தெரிந்தவர் பார்த்த உடனே விலையைக் குறைப்பார். லேசான கறையோடு இருக்கும் அசல் டயல், பளபளக்கும் ரீ-டயலைவிட எப்போதும் மேல்.

இந்த இடத்தில்தான் கம்பெனி சர்வீஸும் தனி ரிப்பேர்காரரும் பிரிகிறார்கள். கம்பெனியின் பலம் மறுக்க முடியாதது. அசல் பாகம், தண்ணீர் அழுத்தச் சோதனை, இரண்டு வருட உத்தரவாதம். ஆனால் வாட்ச் புதிதுபோல ஓட வேண்டும், புதிதுபோலத் தெரிய வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். வேண்டாம் என்று சொல்லாவிட்டால் கேஸுக்கு பாலிஷ் போட்டுவிடுவார்கள், பட்டை மாட்டும் காதுகளின் கூர்முனை மழுங்கிப்போகும். டயலையும் முள்ளையும் மாற்றலாம் என்பார்கள். ஐம்பது அறுபது வருடப் பொருளை மதிப்பவருக்கு இது ரிப்பேர் அல்ல, இழப்பு. தனி ரிப்பேர்காரர் பாகத்தை மாற்றுவதைவிட இருப்பதைச் சரிசெய்யப் பார்ப்பார், டயலைத் தொடாதே என்றால் தொடமாட்டார்.

ஆனால் அவருக்கு ஸ்பேர் கிடைக்க வேண்டுமே! ஒமேகா, லாஞ்ஜின்ஸ், டிஸ்ஸாட், ராடோ எல்லாம் ஸ்வாட்ச் குழுமத்தின் கையில் இருக்கின்றன. 2015 முடிவோடு அந்தக் குழுமம் மொத்த விற்பனையாளர்களுக்கு உதிரிபாகம் கொடுப்பதை நிறுத்தியது. அன்றிலிருந்து அங்கீகாரம் பெறாத கடைகளுக்குத் திண்டாட்டம்தான். 1960களின் சீமாஸ்டருக்கு இது பெரிய தடை இல்லை, பழைய மெஷின்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. 1999இல் ஒமேகா கோ-ஆக்சியல் எஸ்கேப்மென்ட்டை (ஸ்பிரிங்கின் விசையை அளந்து விடும் புது வகை அமைப்பு) கொண்டுவந்த பிறகு வந்த வாட்ச் என்றால் கதை வேறு. ஜார்ஜ் டேனியல்ஸ் கண்டுபிடித்த அந்த அமைப்புக்கு எண்ணெய் இடுவதே தனிப் பயிற்சி. அதைத் தெருமுனைக் கடையில் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கம்பெனிக்கே போங்கள்.

ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட்டிலும் ஏறக்குறைய இதே பிரிவினைதான். 1988இல் வந்த 3135 மெஷினில், கை அசைவில் சுழன்று சாவி கொடுக்கும் ரோட்டரின் அச்சு தேய்ந்து, ரோட்டர் கீழே உரசுவது தெரிந்த நோய். அனுபவமுள்ளவர் சரிசெய்துவிடுவார். ஆனால் அந்த வாட்சில் வெளியாள் வைரம் பதித்த பெசலோ (கண்ணாடியைச் சுற்றிய வளையம்) வேறு டயலோ இருந்தால், ரோலெக்ஸ் சர்வீஸில் தொடவே மறுப்பார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கியவருக்கு அது ஒரு வகையில் நல்லது, அசலா போலியா என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

தனி ரிப்பேர்காரர் என்றதும் எல்லோரும் ஒன்றல்ல. மெஷினைப் பிரிக்காமலே பெட்ரோலில் முக்கி எடுத்து, மேலே நாலு சொட்டு எண்ணெய் விட்டு 'சர்வீஸ்' என்று கொடுப்பவர்கள் உண்டு. சில மாதங்களில் மறுபடி நிற்கும், அதற்குள் தேய்மானமும் கூடியிருக்கும். முழுதாகப் பிரிப்பீர்களா, ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். சர்வீஸ் முடிந்து முழுச் சாவியில் முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் வீலின் ஆம்ப்ளிட்யூட், அதாவது வீச்சு, 270 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்ல வேலை. 200க்குக் கீழே என்றால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

இனி காசு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற நிலை இதில் சுலபமாக வந்துவிடும். உதாரணத்துக்கு, சுத்தமான டயலோடு 1,00,000 ரூபாய் போகும் மாடலை 40,000க்கு வாங்குகிறீர்கள், ரிப்பேருக்கு 35,000 கேட்கிறார்கள். லாபம் போலத் தெரியும். ஆனால் ரிப்பேருக்குப் பிறகும் உங்கள் கையில் இருப்பது கறை படிந்த டயல் கொண்ட, ஓடும் வாட்ச். அது 65,000க்குத்தான் போகும் என்றால் 10,000 நஷ்டம். ஒப்பிட வேண்டியது இந்த விலையோடுதான். விற்கும் எண்ணமே இல்லை, கட்டிக்கொள்ளத்தான் என்றால் அந்த 10,000 உங்கள் ஆசைக்கான விலை, அதில் தவறே இல்லை.

மூன்றாவது வழியான அப்படியே விற்பதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். பின்மூடியைத் திறந்து மெஷினின் படத்தோடு உண்மையைச் சொல்லி விற்றால், பாகத்துக்காக வாங்குபவர்கள் இருக்கிறார்கள். 'பிறகு பார்க்கலாம்' என்று பீரோவில் பூட்டி வைப்பதுதான் மிக மோசம். உள்ளே ஈரம் இருக்கும்வரை துரு பரவிக்கொண்டே இருக்கும். உங்கள் கையிலேயே இன்று நனைந்த வாட்ச் என்றால் அரிசி டப்பாவில் போட்டு மூடாதீர்கள். அன்றே பின்மூடியைத் திறந்து காயவைக்கக் கொடுங்கள். கடல்நீர் என்றால் மணிக்கணக்கும் முக்கியம்.

ராடோ டயாஸ்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1962இல் வந்த அதன் கேஸின் மேல்பகுதி டங்ஸ்டன் கார்பைடு. எளிதில் கீறல் விழாது, ஆனால் கீழே விழுந்தால் சில்லு பெயரும். பாலிஷால் அது மறையாது, பாகத்தை மாற்றத்தான் வேண்டும்.

1960களின் தொடக்கத்துக்கு முந்தைய டயல் என்றால் முள்ளிலும் எண்ணிலும் இருட்டில் ஒளிரப் பூசிய, கதிரியக்கம் உள்ள ரேடியம் இருக்கலாம். வீட்டில் திறக்கவோ சுரண்டவோ வேண்டாம், அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. அதற்குப் பின் ஒளிர்பூச்சில் வந்த டிரிடியம் சுமார் 12 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவது. இப்போது அது ஒளிராதது பழுது அல்ல, அதற்காகப் புதுப் பூச்சு போட ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கே கொடுத்தாலும் ரசீதில் நான்கு வரி எழுதி வாங்குங்கள். டயல் மாற்றக் கூடாது, முள் மாற்றக் கூடாது, பாலிஷ் கூடாது, கழற்றிய பாகம் எல்லாம் திரும்ப வேண்டும். எழுதித் தர மறுக்கும் கடையில் வாட்சைக் கொடுக்காதீர்கள்.