மவுன்ட் முறை மாறிய பிறகு எங்கள் ஸ்டூடியோ சேர்வர்: ஆறு மாத அனுபவம்

திருகோணமலை உவர்மலையில் ஒரு கலியாண வீடியோ ஸ்டூடியோவின் சேர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகையான டெபியனில், 13 ஆம் பதிப்புக்கு மாறி ஆறு மாதமாகிறது. எனக்குப் பெரிதாகப் பட்ட மாற்றம் டிஸ்க்கை மவுன்ட் செய்யும் விதம்தான், அதாவது டிஸ்க்கை ஒரு ஃபோல்டரில் மாட்டித் திறக்கும் விதம்.

முன்பு இயங்குதளத்தின் மையமான கேர்னலுக்கு ஒரே அழைப்பு. எந்த டிஸ்க், எந்த இடம், என்ன வகை, என்னென்ன ஒப்ஷன் எல்லாம் ஒரே மூட்டை. எங்கே பிழைத்தாலும் திரும்பி வருவது ஒரு பிழை எண் மட்டும். டேவிட் ஹோவல்ஸ் முன்னின்று எழுதி 2019 இல் 5.2 கேர்னலில் சேர்ந்த புதிய முறை அதைப் படிகளாகப் பிரித்தது. எஃப்எஸ்ஓபன் தொடங்கும், எஃப்எஸ்கான்ஃபிக் ஒப்ஷன்களை ஒவ்வொன்றாக வாங்கும், எஃப்எஸ்மவுன்ட் ஆயத்தமாக்கும், மூவ்_மவுன்ட் கடைசியில் உரிய இடத்தில் மாட்டும். டெபியன் 12 இன் கேர்னலிலும் இது இருந்தது. மவுன்ட் கட்டளைதான் பழைய வழியில் போய்க்கொண்டிருந்தது. 13 இல் அதுவும் புதிய வழிக்கு வந்தது.

இதில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. மூலப் பதிவுகள் உள்ள ஃபோல்டரை எடிட் செய்யும் தம்பிக்கு ரீட் ஒன்லியாக (வாசிக்க மட்டும்) ஆர்பைன்ட் செய்து, அதாவது உள்ளிருப்பவற்றோடு சேர்த்து இன்னோர் இடத்திலும் தெரியும்படி மாட்டிக் கொடுத்திருந்தேன். மேல் ஃபோல்டர் மட்டும்தான் பூட்டப்பட்டது. அதற்குள் தனித்தனியே மவுன்ட் ஆகியிருந்த டிஸ்க்குகள் திறந்தே கிடந்தன. கோணேசர் கோயில் தேர்க் காட்சிகள் அப்படித்தான் அழிந்தன. பாதியைத்தான் மீட்க முடிந்தது. 5.12 கேர்னலில் வந்த மவுன்ட்_செட்அட்டர் என்ற அழைப்பு உள்ளே இருப்பவற்றையும் சேர்த்துப் பூட்டும். ஆனால் எந்த டிஸ்க்கை எங்கே மாட்டுவது என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டாப் கோப்பில் வெறும் ஆர்ஓ (ரீட் ஒன்லி) போதாது, "ஆர்ஓ=ரிகர்சிவ்" என்று நீங்களே எழுத வேண்டும். எழுதிவிட்டு, உள் டிஸ்க் ஒவ்வொன்றிலும் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்க முயன்று பாருங்கள். நான் பார்த்தேன், எல்லாம் மறுத்தன. அன்றைக்குத்தான் மனம் ஆறியது.

பிழைச் செய்தியும் தேறியிருக்கிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வகை டிஸ்க்குக்கு எஃப்எஸ்டாப்பில் எழுதியிருந்த வரியைப் பிரதி செய்து, எக்ஸ்ஃபேட் என்ற வேறு வகை டிஸ்க்குக்குப் போட்டேன். தெரியாத ஒப்ஷன் எது என்று பெயரோடு சொன்னது. முன்பென்றால் "வகை தவறு, ஒப்ஷன் தவறு, சூப்பர்பிளாக் தவறு அல்லது வேறு பிழை" என்று மழுப்பியிருக்கும்.

ஒவ்வொரு டிஸ்க் வகையையும் கையாளும் டிரைவர்கள் எல்லாமே இப்படி இல்லை. கரண்ட் போனபோது சரியாகக் கழற்றாத என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை வாடிக்கையாளர் கொண்டுவந்தால், "வால்யூம் டர்ட்டி" (டிஸ்க் சரியாக மூடப்படவில்லை) என்ற காரணத்தை இன்னும் கேர்னல் லொக்கில், அதாவது கேர்னலின் பதிவேட்டில்தான் தேடி எடுக்கிறேன்.