வீட்டில் கற்கும் பிள்ளைகளுக்கான படைப்பெழுத்துப் பெட்டி: 12 வாரப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

என் மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8 வயது. இருவரும் வீட்டிலிருந்தே கற்கிறார்கள். கணக்கும் அறிவியலும் ஓரளவு ஒழுங்காக நடந்துவந்தாலும், எழுத்து மட்டும் எங்களிடம் நெடுநாளாகத் தடுமாறிக்கொண்டிருந்தது. "உனக்குப் பிடித்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுது" என்று சொன்னால், மகள் பென்சிலைச் சீவியே அரை மணி நேரத்தைக் கழித்துவிடுவாள். மகன் இரண்டு வரி எழுதிவிட்டு, அடியில் "முற்றும்" என்று பெரிதாகப் போட்டுவிடுவான். அதனால்தான் படைப்பெழுத்துச் செயல்பாடுகள் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கி, 12 வாரம் இடைவிடாமல் பயன்படுத்திப் பார்த்தோம். தயாரித்த நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இதே அமைப்பில் பல பெட்டிகள் கிடைக்கின்றன. அவற்றில் எதை எதிர்பார்க்கலாம், எதை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்வதே வாங்க நினைக்கும் பெற்றோருக்குப் பயன்படும்.

பெட்டிக்குள் 60 செயல்பாட்டு அட்டைகள், படம் பொறித்த 9 பகடைகள், இரண்டு குறிப்பேடுகள், பெற்றோருக்கான ஒரு கையேடு, ஒரு மதிப்பெண் தாள் ஆகியவை இருந்தன. அட்டைகள் கெட்டியானவை, பலமுறை கைமாறியும் மடங்கவில்லை. குறிப்பேட்டின் தாளில் மட்டும் மை மறுபக்கம் ஊறுகிறது.

பகடைகளிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பிள்ளைகள் முதலில் கைவைத்தது அவற்றில்தான். ஒவ்வொரு பகடைக்கும் 6 முகங்கள் என்பதால் மொத்தம் 54 படங்கள். ஒன்பதையும் ஒருசேர உருட்டினால் 1,00,77,696 விதங்களில் விழலாம் என்று மகள் பெருக்கிப் பார்த்துச் சொன்னாள். கையேடும் ஒன்பதையும் உருட்டச் சொல்கிறது. ஆனால் ஒன்பது படங்களைக் கண்ட பிள்ளை கதையை யோசிப்பதை விட்டுவிட்டு, "பிறகு இது வந்தது, பிறகு அது வந்தது" என்று படங்களை நூலில் கோக்கத் தொடங்கிவிடுகிறது. மூன்றாகக் குறைத்த அன்றுதான் கதை பிறந்தது. மகனுக்கு விழுந்தவை குடை, ஏணி, ஆமை. சற்று நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவன் சொன்னான்: "ஆமை ஏணியில் ஏறியது. மழை மேலேயிருந்து வருகிறது அல்லவா, அதை நிறுத்தச் சொல்லப் போனது. ஆனால் குடையைக் கீழேயே மறந்துவிட்டது." ஒரு விருப்பம், அதற்காக ஒரு செயல், அதில் ஒரு பிழை என்று கதைக்கு வேண்டியவை எல்லாம் இந்த மூன்று வாக்கியங்களில் வந்துவிட்டன.

"சொன்னான்" என்றுதான் எழுதியிருக்கிறேன், "எழுதினான்" என்று அல்ல. எட்டு வயதில் எழுத்தின் வடிவம், ஒற்று, வரி நேர்மை ஆகிய எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே கதையையும் கட்டுவது பெருஞ்சுமை. கையேடோ பிள்ளைதான் தன் கைப்பட எழுத வேண்டும் என்று வற்புறுத்துகிறது; இந்த இடத்தில் அதனோடு நான் முற்றிலும் மாறுபடுகிறேன். வீட்டுக் கல்வியாளர்கள் பலர் இன்றும் பின்பற்றும் ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923), கேட்டதைப் பிள்ளை தன் சொற்களில் வாயால் திருப்பிச் சொல்வதை ஆறு வயதளவில் தொடங்கி, எழுத்தில் சொல்வதைப் பத்து வயதளவில்தான் எதிர்பார்த்தார். அவர் பேசியது படித்ததைத் திருப்பிச் சொல்வதைப் பற்றி என்றாலும், சொந்தக் கதைக்கும் அந்த வரிசை பொருந்துகிறது. மகன் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். பிறகு அதில் தனக்குப் பிடித்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவன் தன் கையால் எடுத்தெழுதுவான்.

அட்டைகளில் எனக்கு மிகவும் பிடித்தவை தடை விதிக்கும் அட்டைகள். ஓர் எழுத்தைத் தவிர்த்து எழுதுக, கேள்விகளாலேயே ஒரு பத்தி அமைக்க, நிறத்தின் பெயரைச் சொல்லாமல் ஒரு பூவை வருணிக்க என்று பத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் இருக்கின்றன. 1960இல் ரேமோன் கெனோவும் பிரான்சுவா லெ லியோனேவும் பாரிஸில் தொடங்கிய ஊலிப்போ என்ற இலக்கியக் குழு, இத்தகைய தடைகளையே படைப்புக்கான கருவியாக்கிக்கொண்டது என்று கையேடு சரியாகவே சொல்கிறது. அதே பக்கத்தில், எழுத்தையும் சொல்லையும் கொண்டு விளையாடும் நம் சித்திரகவிகளைப் பற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். உதடு ஒட்டாமலும் குவியாமலும் பாட வேண்டிய நிரோட்டகம் நம்மிடம் இருக்கிறது. அதில் ப, ம, வ ஆகிய மெய்களோடு உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகிய உயிர்களும் விலக்கப்படும். நான் அதை எளிதாக்கி, ப, ம, வ ஆகியவற்றின் வரிசைகளை மட்டும் விலக்கி ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். மகள் முதலில் அம்மாவுக்கு எழுத நினைத்தாள், முடியவில்லை. அப்பா, பாட்டி, தம்பி, மாமா என்று ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். கடைசியில் தாத்தா அகப்பட்டார். "பறவை" வராது, அதனால் கிளி வந்தது. "பறந்து போகவில்லை" என்பதும் வராது. ஏறத்தாழ இருபது நிமிடம் உதட்டின்மேல் விரலை வைத்துச் சொல்லிச் சொல்லிப் பார்த்து அவள் எழுதியது இது: "தாத்தா, நேற்று ஒரு கிளி ஜன்னலருகே நின்றது. என்னைக் கண்டு நகராதது ஏன்?" வழக்கமாக எழுதியிருந்தால் அந்த இரண்டாவது வாக்கியம் கேள்வியாக முடிந்திருக்காது. பென்சில் சீவும் நேரமும் அன்று மறைந்துவிட்டது.

இதற்கு நேர்மாறாக, தமிழின் இயல்பறியாமல் மொழிபெயர்க்கப்பட்ட அட்டைகளும் சில இருக்கின்றன. இந்தப் பெட்டியின் பெருங்குறை அதுதான். ஒரு சொல்லை மேலிருந்து கீழாக எழுதி, ஒவ்வோர் எழுத்திலும் ஒரு வரியைத் தொடங்கச் சொல்லும் அட்டையில் "மழை" என்ற சொல்லையே எடுத்துக்காட்டாகத் தந்திருக்கிறார்கள். ழகர வரிசையில் தொடங்கும் சொல் தமிழில் ஏது? மகன் கண்கலங்கும் வரை தேடினான். மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் எவை, வாராதவை எவை என்று தொல்காப்பியம் தொட்டு நம் இலக்கணம் வகுத்துவைத்திருப்பதை அட்டையைச் செப்பனிட்டவர் நினைத்துப் பார்க்கவில்லை. நாங்கள் அந்த அட்டையை ஒதுக்கிவிட்டு அந்தாதிக்குப் போனோம். ஒரு வரி முடிந்த சொல்லிலேயே அடுத்த வரியைத் தொடங்கும் அந்த முறை, மாறிமாறி எழுதும் இருவருக்கு மிகவும் ஏற்றது.

ஓசை நயம் பற்றிய அட்டைகளும் இப்படித்தான். வரியின் இறுதியில் ஒலி ஒத்துவரும் இயைபை மட்டுமே அவை கேட்கின்றன. தமிழ்ச் செவிக்கு முதலில் கேட்பது மோனையும் எதுகையும் என்பதால், முதலெழுத்து ஒத்துவருவதையும் இரண்டாம் எழுத்து ஒத்துவருவதையும் பிள்ளைகளுக்கு நானே சொல்லித்தர வேண்டியிருந்தது. ஹைக்கூ அட்டையோ 5, 7, 5 என்று 17 எழுத்துகளில் எழுதச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. "மெய்யெழுத்தை எண்ண வேண்டுமா, வேண்டாமா?" என்று மகள் கேட்டாள். மிக நல்ல கேள்வி. ஜப்பானிய மொழியில் எண்ணப்படுவது ஓசையின் கால அளவு. அங்கே சொல்லின் இறுதியில் வரும் மூக்கொலியும் தனியாக ஓர் அளவு பெறும், நெட்டுயிர் இரண்டு பெறும். நம் கட்டளைக் கலித்துறை என்ற செய்யுள் வகையிலோ மெய்யெழுத்தை நீக்கி எண்ணி, நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து என்று கொள்கிறோம். ஆகவே மெய்யெழுத்தை எண்ண வேண்டாம் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். இவ்வளவு விளக்கத்தை அட்டையில் அச்சிட இடமில்லை என்பது உண்மைதான், ஆனால் கையேட்டில் தாராளமாக இடமிருந்தது.

பொருளைக் கொண்டு எழுதும் அட்டைகள் பெட்டியின் உயிர் என்பேன். வீட்டில் யாரும் பயன்படுத்தாத ஒன்றைத் தேடி எடுத்து, அது கண்டதை எழுதுக என்றது ஓர் அட்டை. மகள் இழுப்பறையின் அடியிலிருந்து, எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத, தலைப்பகுதி துருவேறிய ஒரு சாவியைக் கொண்டுவந்தாள். "இந்த சாவிக்கு பூட்டு இல்லை. ஆனாலும் இதை யாரும் எறியவில்லை" என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினாள்.

இங்கேதான் நான் தவறிழைத்தேன். பெட்டியோடு வந்த மதிப்பெண் தாளில் எழுத்துப்பிழைக்கு, கையெழுத்துக்கு, பத்தி அமைப்புக்கு, கற்பனைக்கு எனத் தனித்தனியே மதிப்பெண் இருந்தது. "இந்தச்", "சாவிக்குப்" என்று ஒற்று மிகாதது கண்ணில் பட்டவுடன் சிவப்பு மையால் திருத்தி, கழித்ததுபோக 10க்கு 7 என்று போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அவள் நான்கே வாக்கியம் எழுதினாள். நான்கிலும் பிழையில்லை, நான்கிலும் ஒன்றுமில்லை. தவறாமல் எழுதத் தெரிந்த சொற்களை மட்டும் அவள் தேர்ந்தெடுத்திருந்தாள். அன்றே மதிப்பெண் தாளை எடுத்து அலமாரியின் மேல் வைத்துவிட்டேன். ஒற்றுப்பிழைகளைத் தனியே குறித்துவைத்து, வாரத்தில் ஒருநாள் இலக்கணப் பாடத்தில் சேர்த்துச் சொல்லித்தருகிறேன்.

வீட்டில் கற்கும் பிள்ளைக்கு எழுதப் பொருள் கிடைப்பது அவ்வளவு கடினமன்று. எழுதியதைப் படிக்க ஆள் கிடைப்பதுதான் கடினம். வகுப்பறையில் பக்கத்து இருக்கையில் இருப்பவன் எட்டிப் பார்த்துச் சிரிப்பான், ஆசிரியர் ஒன்றை எடுத்து உரக்கப் படிப்பார். வீட்டில் அம்மா ஒருத்தியே ஆசிரியை, வாசகி, நடுவர் எல்லாமாக நிற்கிறாள். பெட்டியைச் செய்தவர்கள் இதைப் பற்றி யோசித்ததாகவே தெரியவில்லை. 1925 வாக்கில் பாரிஸில் மீமெய்யியல் (சர்ரியலிச) கலைஞர்கள் ஆடிய, தாளை மடித்து மறைத்து ஆளுக்கொரு சொல்லாக எழுதும் விளையாட்டு ஓர் அட்டையில் இருக்கிறது. அதற்குக் குறைந்தது நான்கு பேராவது வேண்டும். எங்கள் வீட்டில் மூவர் ஆடியபோது, முன் மடிப்பில் யார் என்ன எழுதியிருப்பார் என்று இரண்டாம் சுற்றிலேயே ஊகிக்க முடிந்துவிட்டது.

ஆகவே நாங்களே ஒரு வழி செய்துகொண்டோம். வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்த ஒரு பக்கத்தைத் தங்கள் சித்திக்கு அனுப்புகிறார்கள். அவர் பாராட்டவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம், படித்தபின் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டால் போதும் என்று கேட்டுக்கொண்டேன். சாவிக் கதையைப் படித்துவிட்டு, "அந்தச் சாவியைக் கடைசியாகத் தொட்டவர் யார்?" என்று கேட்டிருந்தார். மகள் அன்றிரவே மூன்று பக்கம் எழுதினாள். முதல் பக்கத்தில் இல்லாத ஒரு கதவும், அதற்குப் பின்னால் ஓர் அறையும் அதில் வந்திருந்தன.

வாங்க நினைப்பவர்களுக்கு இன்னும் சில. 8 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இந்தப் பெட்டி பொருந்தும்; அதற்கு மேற்பட்ட வயதினருக்கு அட்டைகளின் மொழி குழந்தைத்தனமாகப் படும். கையேடு ஒரு செயல்பாட்டுக்கு 45 நிமிடம் என்கிறது, எங்களுக்கு 20 நிமிடமே சரியாக இருந்தது. அட்டைகளின் பின்புறத்தில் மாதிரி விடைகள் அச்சிடப்பட்டுள்ளன. பிள்ளைகள் திருப்பிப் பார்த்தால் அதே போக்கில்தான் எழுதுவார்கள் என்பதால், முதல் நாளே அவற்றின்மேல் வெள்ளைத் தாளை ஒட்டிவிடுங்கள்.

நாங்கள் இப்போது இரண்டாம் சுற்றைத் தொடங்கியிருக்கிறோம். 60 அட்டைகளில் மொழிக்கு ஒவ்வாத 9 அட்டைகளை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் பிள்ளைகள் தாங்களே எழுதிய அட்டைகளைச் சேர்த்திருக்கிறோம். மகன் நேற்றுச் சேர்த்த அட்டை: "ஒரு பொருளை நீ மறந்துவிட்டாய். அது உன்னைத் தேடி வருகிறது. வழியில் யாரிடம் விசாரிக்கும்?"