பாப் ஸ்மியரா, எச்பிவி சோதனையா?

கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டறிய எது நல்லது என்று கோலாலம்பூரில் நம் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் கருப்பை வாயின் மேற்பரப்பை மூடியிருக்கும் தட்டையான செதிள் செல்களில் தொடங்கும். சளி சுரக்கும் சுரப்பிச் செல்களில் தொடங்கும் அடினோகார்சினோமா என்ற வகை குறைவு. ஆனால் அது கருப்பை வாயின் உட்குழாயில் மேலே பதுங்கியிருக்கலாம், செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் ஸ்மியரின் பிரஷ் அங்கே எட்டாமல் போகலாம். எச்பிவி சோதனையோ செல்லின் தோற்றத்தைப் பார்ப்பதில்லை, பெரும்பாலும் இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி என்ற வைரஸையே தேடுகிறது. அடினோகார்சினோமாவில் 18-ஆம் வகை எச்பிவிக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் முதல் சோதனைக்கு நான் சொல்வது எச்பிவிதான். மலாயா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரோஸ் திட்டத்தில் பெண்ணே மெல்லிய குச்சியை உள்ளே விட்டுச் சுழற்றி மாதிரி எடுத்துக்கொள்ளலாம்; முடிவு கைப்பேசிக்கு வந்துவிடும். டாக்டர் முன் படுக்கக் கூச்சப்பட்டே பரிசோதனையைத் தள்ளிப்போடும் அம்மாக்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

ஆனால் கருப்பை வாயிலேயே, இரைப்பைச் செல்களைப் போன்ற செல்களோடு வரும் இரைப்பை வகை அடினோகார்சினோமா என்று அரிதான ஒன்று உண்டு. அது எச்பிவி இல்லாமலே வரும். அப்போது எச்பிவி சோதனை 'நெகட்டிவ்' என்று சொல்லிவிடும், பாப் ஸ்மியரும் தவறவிடலாம். வெள்ளைபடுதல் தண்ணீர் போலக் கொட்டி, பேட் மாற்றி மாற்றி அலுத்துப் போனால், கையில் எந்த ரிப்போர்ட் இருந்தாலும் பெண்கள் நோய் நிபுணரைப் பாருங்கள். பயாப்ஸி (திசுச் சோதனை), எம்ஆர்ஐ ஸ்கேன் வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். தொடக்கத்தில் பிடித்தால் அறுவை சிகிச்சை. பக்கத்தில் பரவியிருந்தால் கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும். இந்த வகை கதிர்வீச்சுக்கு எளிதில் அடங்காது, அதனால்தான் நாள் கடத்தாதீர்கள் என்கிறேன்.