நிறை சொல்லாத மட்டை: உற்பத்தி நின்றுபோன இங்கிலிஷ் வில்லோ கிரிக்கெட் மட்டையை இணையத்தில் வாங்கிப் பாவித்த அனுபவம்

"அந்தப் பழைய வரிசை மட்டை இப்ப விலை குறைஞ்சு கிடக்குது, எடுக்கலாமோ?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் காட்டியது நான் சில பருவங்களாகக் கடினப்பந்துக்குப் பாவித்துவரும் அதே வரிசை. மரம் இங்கிலிஷ் வில்லோ, வளர்ந்தவர்களுக்கான எஸ்.எச். (ஷோட் ஹாண்டில்) அளவு, நடுத்தர விலை. அந்தப் பெயரில் இப்போது புதிதாக எதுவும் வருவதில்லை. கடைகளில் விலைப்படாமல் மிஞ்சியவைதான் இணையச் சந்தைகளில் ஏறுகின்றன. மரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை முழுவதும் விற்பவர்கள் மேல்தான். மட்டையின் நிறையை அவர்கள் சொல்வதில்லை.

விளம்பரத்தில் எட்டுப் படம் இருக்கும். ஸ்டிக்கர் தெரியும், உறை தெரியும், கைப்பிடி றப்பரின் நிறம் தெரியும். தராசில் வைத்த படம் மட்டும் இராது. கீழே "2.7 – 2.11" என்று ஒரு வீச்சு எழுதியிருக்கும். இரண்டு நுனிக்கும் இடையில் நாலு அவுன்ஸ், அதாவது 113 கிராம். மட்டையைக் கையில் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய இடைவெளி என்று தெரியும். 2.8இல் பழகியவர் 2.11ஐப் பிடித்தால் வெட்டி ஆடும் பந்துக்கு மட்டை பிந்தி வரும், மணிக்கட்டு நோகும்.

அந்தப் புள்ளி இன்னொரு வில்லங்கம். அது தசமப் புள்ளி அல்ல. 2.7 என்றால் 2 இறாத்தல் 7 அவுன்ஸ், 1106 கிராம். அதையே தசமமாக எடுத்தால் 1225 கிராம் வரும். 2.10 இன்னும் மோசம். தளத்தின் நிறைக் கட்டம் அதை வெறும் எண்ணாக எடுத்துக் கடைசிப் பூச்சியத்தை வெட்டிவிட்டால் பக்கத்தில் 2.1 என்று நிற்கும். வளர்ந்தவர்கள் ஆடும் மட்டை 2 இறாத்தல் 1 அவுன்ஸில் அனேகமாகக் கிடையாது. சிறுவர் மட்டை என்று நினைத்து ஒருவர் விட்டுவிடுவார், மெல்லிய மட்டை என்று நம்பி இன்னொருவர் காசு கட்டுவார். கிலோவில் எழுதுபவர்களும் உதவுவதில்லை. 2.9 என்பது 1162 கிராம், 2.12 என்பது 1247 கிராம். கிட்டிய தசமத்துக்குச் சுருக்கினால் இரண்டும் "1.2 கிலோ". சிலர் பெட்டியோடு சேர்த்த கூரியர் நிறையைப் போட்டுவிடுவார்கள். அதில் பார்க்க ஒன்றுமே இல்லை.

ஆகவே கிராமில் கேட்க வேண்டும். 2.8 என்றால் 1134, 2.10 என்றால் 1191, 2.11 என்றால் 1219. இந்த எண்களைக் கைபேசியில் குறித்து வைத்துக்கொண்டு விற்பவருக்கு இப்படி எழுதுங்கள்: "உறையைக் கழற்றிப்போட்டு, மட்டையை மட்டும் டிஜிற்றல் தராசில வைச்சு, கிராம் தெரியிற மாதிரி ஒரு படம் அனுப்புங்கோ. எனக்கு வரப்போற மட்டையாகவே இருக்கட்டும்." கடைசி வசனம் முக்கியம். பத்து மட்டை இருக்கும் இடத்தில் ஒன்றை நிறுத்துப் படம் எடுத்து எல்லாருக்கும் அதையே அனுப்புவார்கள். மட்டையின் முகத்தில் உள்ள மர ரேகைகளும் அதே படத்தில் தெரிந்தால், பாசல் வந்தபின் இரண்டையும் ஒப்பிடலாம். ஒரு மட்டையின் ரேகை அப்படியே இன்னொன்றில் வராது.

விற்பவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். அவர்களில் பலர் கைபேசி உறையும் சப்பாத்தும் விற்கும் அதே பக்கத்தில் மட்டையும் விற்பவர்கள். அவர்களுக்கு அது இன்னொரு பெட்டி. ஆனால் சில தயாரிப்பாளர் உறையிலோ கைப்பிடி நுனியிலோ நிறையை எழுதியே அனுப்புகிறார்கள். அதை வாசித்துச் சொல்ல ஒரு நிமிடம் போதும். கேட்டால் "ஸ்ராண்டட் வெயிற்தான் அண்ணா" என்று பதில் வருகிறது. அப்படி ஒரு நிறை கிடையவே கிடையாது. ஒரே அளவில் அறுத்த இரண்டு வில்லோத் துண்டுகளின் அடர்த்தி ஒன்றாக இராது. அதனால்தான் ஒரே வரிசை மட்டைகள் இவ்வளவு வேறுபடுகின்றன.

இந்தக் கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால், உற்பத்தி நின்ற மட்டை வாங்குவது புத்தியான வேலை. மட்டையில் "பழைய மொடல்" என்பதற்குப் பெரும்பாலும் பழைய ஸ்டிக்கர் என்றுதான் பொருள். குக்கபரா நிறுவனத்தின் கஹூனா வரிசை பல ஆண்டுகளாக ஒரே பெயரில் வருகிறது, முதுகின் நிறமும் எழுத்தும்தான் மாறிக்கொண்டே இருக்கின்றன. மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான். உள்ளே இருப்பது அதே வில்லோ மரம் (சாலிக்ஸ் ஆல்பா செருலியா), அதே பிரம்புக் கைப்பிடி, அதே அழுத்தி இறுக்கிய முகம். புதிய ஸ்டிக்கர் வந்தவுடன் பழையதன் விலை விழுகிறது. அந்த விழுந்த விலையில் ஒரு தரம் மேலான மரம் கிடைக்கும். என் மட்டையில் முகம் முழுக்க நேரான எட்டு ரேகை, விளிம்பில் சிறு செம்மை (மரத்தின் உட்பகுதியின் சிவந்த நிறம்). அதே காசுக்குப் புதிய வரிசையில் கோணல் ரேகையும் பெரிய செம்மையும்தான் வரும். பந்து நடுவில் பட்டால் கையில் அதிர்வே இராது. அந்தச் சத்தத்தைக் கேட்க வலைப் பயிற்சியில் மற்றவர்கள் பந்துவீச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஆனால் சில மட்டைகள் விதி மாறியதால் நின்றுபோனவை. 2006இல் குக்கபரா தன் கிராஃபைற் பட்டி ஒட்டிய மட்டைகளை கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. கழகத்தின் தீர்ப்புக்குப் பிறகு விலக்கிக்கொண்டது. 2017 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்த விதி விளிம்பின் தடிப்பை 40 மில்லிமீற்றருக்கும் முழு ஆழத்தை 67 மில்லிமீற்றருக்கும் மட்டுப்படுத்தியது. அகலம் முன்பிருந்தே 108 மில்லிமீற்றர். அதற்கு முந்திய தடித்த விளிம்பு மட்டைகள் இன்றும் "றெயர்" என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. அலுமாரியில் வைக்க வாங்கினால் சரி. ஆடுவதற்கென்றால் விளிம்பில் அடிமட்டம் வைத்த படத்தையும் கேளுங்கள்.

படத்தில் வேறு என்ன பார்க்கலாம்? காஷ்மீர் வில்லோவை இங்கிலிஷ் என்று விற்பது சாதாரணமாக நடக்கிறது. காஷ்மீர் மரம் கொஞ்சம் மண்ணிறமாக இருக்கும், ரேகை மங்கலாக இருக்கும், அதே பருமனுக்கு நிறை கூட. முகத்தை முழுவதும் மூடி வெள்ளைத் துணியோ தாளோ ஒட்டியிருந்தால் கீழே எந்த மரம் என்று சொல்ல முடியாது, விட்டுவிடுங்கள். ஸ்டிக்கர் தனியாகவும் விலைக்கு வருகிறது. அதனால் ஸ்டிக்கரை ஆதாரமாக எடுக்கக்கூடாது. ஆடிய மட்டையைத் தேய்த்துப் புதிது என்று விற்பதும் உண்டு. அடிநுனியின் மூலைகள் வழமையை விட உருண்டிருக்கும், ஒரு விளிம்பு மற்றதைவிட மெலிந்திருக்கும், ஸ்டிக்கர் ஓரத்தில் சிவப்புப் பந்துக் கறை ஒளிந்திருக்கும்.

பாசல் வந்ததும் எண்ணெய்ப் போத்தலைத் தேடவேண்டாம். எண்ணெய் பட்ட மட்டையை ஒருவரும் திருப்பி எடுக்கமாட்டார்கள். முதலில் பிரிப்பதை வீடியோ எடுங்கள். தராசில் ஒரு கிலோ சீனிப் பக்கற்றை வைத்து அது சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு மட்டை. நீளம் 33½ அங்குலத்துக்குக் கிட்ட இருக்கவேண்டும். கணிசமாகக் குறைந்தால் அது பள்ளிப் பிள்ளைகளுக்கான ஹரோ அளவு. ஒரு கையால் அடியையும் மறு கையால் கைப்பிடியையும் பிடித்து மெல்ல முறுக்குங்கள். களஞ்சியத்தில் நெடுநாள் கிடந்த மட்டையில் முதலில் போவது கைப்பிடிப் பசைதான். "கிறீச்" என்று சத்தம் வந்தால் அன்றே திருப்பி அனுப்புங்கள். கைப்பிடி றப்பர் பிசுபிசுத்தாலோ மாவாக உதிர்ந்தாலோ பயம் இல்லை, அது மாற்றக்கூடியது. கொழும்பிலிருந்து பஸ்ஸில் பாசல் போடச் சொல்பவர்கள் அடிநுனிக்குத் தடித்த அட்டையைச் சுற்றச் சொல்லுங்கள். அடிபடுவது எப்போதும் அந்த மூலைதான்.

பழைய இருப்பு மரம் காய்ந்திருக்கும். எண்ணெய் இடாமல் மரச்சுத்தியலால் தட்டி முகத்தை இறுக்கத் தொடங்கினால் முகம் வெடிக்கக்கூடும். தேவை பச்சை ஆளிவிதை எண்ணெய், லின்சீட் என்று கேட்டால் தெரியும். ஹாட்வெயார் கடையில் வண்ணவேலைக்கு விற்கும் காய்ச்சிய லின்சீட் வேண்டாம். அதில் உலர்த்தி கலந்திருக்கிறது, மேலே தோலாக இறுகிவிடும். ஒரு தேக்கரண்டி எண்ணெயைத் துணியில் எடுத்து முகம், விளிம்பு, அடிநுனி, முதுகின் வெறும் மரம் ஆகியவற்றில் மட்டும் தடவுங்கள். கைப்பிடி மூட்டின் வீ வடிவத்திலும் ஸ்டிக்கரிலும் படக்கூடாது. நிமிர்த்தி வைக்காமல் முகம் மேலே பார்க்கக் கிடத்தி ஒரு நாள் விடுங்கள். காய்ந்த மரம் முதல் பூச்சை அப்படியே குடித்துவிடும், இரண்டாவது மெதுவாக இறங்கும், மூன்றாவது மேலே நின்றால் துடைத்துவிட்டு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் நிறை ஏறும், பந்து மந்தமாகப் போகும்.

பிறகு மரச்சுத்தியல். பத்துப் பத்து நிமிடமாக, மெல்லத் தொடங்கி, மொத்தம் ஆறு மணித்தியாலமாவது. விளிம்பை நேர் எதிரே அடிக்கக்கூடாது. 45 பாகையில் உருட்டி அடித்து வளைவாக்க வேண்டும். மாரி மழை பெய்யும் கார்த்திகை, மார்கழி இந்த வேலைக்கு நல்ல காலம். மார்ச்சில் வடக்கின் பெருஞ்சமர் என்ற பாடசாலை ஆட்டமும் மற்றப் பெரிய ஆட்டங்களும் வர மட்டை தயாராகிவிடும். பழைய நல்ல லெதர் பந்தால் மென்மையாகத் தட்டிப் பாருங்கள், தையல் தடம் ஆழமாகப் பதிந்தால் சுத்தியலுக்குத் திரும்புங்கள். மலிவான இரண்டு துண்டுப் பந்தை வலையிலும் தவிருங்கள். அதன் இறுக்கம் பல மட்டைகளைக் கொன்றிருக்கிறது.

முகத்தைக் காக்கும் ஒட்டுத்தாளான முகத்தாளை எண்ணெய் முழுவதும் இறங்கிச் சில நாள் கழித்தே ஒட்டவேண்டும், முந்தினால் ஓரம் கிளம்பும். இங்கே நிறைக் கணக்குத் திரும்பவும் வருகிறது. முகத்தாள் அரை முதல் ஒரு அவுன்ஸ், இரண்டாவது கைப்பிடி றப்பர் ஏறக்குறைய 50 கிராம். 2.9 என்று வாங்கிய மட்டை ஆடும் நாளில் 2.11ஐத் தாண்டி நிற்கும். இதையெல்லாம் சேர்த்துத் திட்டமிட, தொடக்க நிறை கிராமில் தெரியவேண்டாமா?

யாழ்ப்பாணத்தில் மட்டை தேறுவது காற்றையும் களத்தையும் பொறுத்தது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் மரம் காயும். தகரக் கூரைக்குக் கீழோ வாகனப் பெட்டியிலோ விட்டால் ரேகை வழியே மயிர்வெடிப்பு ஓடும். மாரியில் எதிர்மாறு: ஈர விரிப்பில் அடியை ஊன்றி நின்றால் தண்ணீர் ஏறி அடிநுனி வீங்கும். அடிநுனிக் காப்புப் போட்டபின் என் மட்டையில் அந்தத் தொல்லை இல்லை. சீமெந்தில் விரிப்பு விரித்த களத்தில் பந்து கூடத் துள்ளும், ஆகவே முதுகின் தடிப்பு நடுவிலோ சற்று மேலோ இருக்கும் மட்டையே உகந்தது. தாழ்ந்த நடு உள்ளது தாழத் துள்ளும் புற்களத்துக்கு. இந்தப் பழைய வரிசையின் நடு சரியாக நடுவில் இருக்கிறது. இவ்வளவு ஆடியும் இரண்டு சிறு விளிம்புக் கீறலுக்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

மரத்துக்குப் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். விலைக்குப் பத்தும் கொடுக்கலாம். ஆனாலும் நண்பருக்கு நான் சொன்ன பதில், வேண்டாம். அவர் விற்பவரிடம் மூன்று தரம் நிறை கேட்டுவிட்டார், மூன்று தரமும் ஸ்டிக்கர் படம்தான் வந்திருக்கிறது. ஒரு மட்டையைத் தராசில் தூக்கி வைக்க மாட்டாதவரிடம் காசைக் கட்டி, வருவது 1130ஆ 1220ஆ என்று காத்திருக்கத் தேவையில்லை. பாதி விலை என்றாலும் தேவையில்லை. யாழ்ப்பாண நகரத்துக் கடையொன்றில் கொஞ்சம் கூடக் கொடுத்து, ஏழெட்டு மட்டையைக் கையில் தூக்கிப் பார்த்து, அங்கேயே நிறுத்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன். கிராம் தெரியும் படம் வந்தால் மட்டும் எனக்குத் திரும்பக் கோல் எடுக்கட்டும்.